மூணாறு கிறிஸ்து ஆலயம்

மூணாறு கிறிஸ்து ஆலயம் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறு நகரின் குன்று ஒன்றின்மேல் நிற்கும் கருங்கல் தேவாலயம். தென்னிந்தியத் திருச்சபையைச் (சி.எஸ்.ஐ.) சேர்ந்தது. 1910-இல் அடிக்கல் நாட்டி, 1911-இல் பிரதிஷ்டை செய்தார்கள். அளவில் சிறியது, பேராலயம் என்ற தகுதியும் இதற்கு இல்லை. ஆனால் ஐரோப்பிய நகரங்களின் கோதிக் கட்டடக்கலை எப்படிப்பட்டது என்பதைப் போடிநாயக்கனூர்க்காரர் ஒருவர் காலையில் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். அந்த வாய்ப்பைத் தருவது இந்தக் கோயில்தான். மாநில எல்லைக்கு அப்பால் இருந்தாலும், இதன் வரலாற்றில் பாதி போடிநாயக்கனூர் (போடி) மலைச்சரிவின் வரலாறு.

போடிப் பாதை

போடியிலிருந்து மூணாறு சாலை வழியாக ஏறக்குறைய 70 கி.மீ. ஊரைத் தாண்டியதும் மாந்தோப்புகள் விலகி ஏற்றம் தொடங்கும். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அங்கே சோதனைச் சாவடியைக் கடந்தால் கேரளம். பூப்பாறை வரை ஏலத்தோட்டங்கள். சின்னக்கானல், தேவிகுளம் பக்கம் போகப்போகத் தேயிலை. விடியற்காலையில் இந்த வளைவுகளில் ஏறும் ஜீப்புகளில் பெரும்பாலும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் இருப்பார்கள். மலையில் விளையும் ஏலக்காய் பிறகு போடிக்கு இறங்கி வந்து, நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலத்தில் விலை போகிறது.

ஆலயம் எழுந்த காலத்தில் இந்தச் சாலை இப்படி இல்லை. மூணாற்றுத் தேயிலை அன்று இன்னொரு வழியாகப் போடிக்கு இறங்கியது. 1902-இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டு, மாடுகளைப் பூட்டி இழுத்தார்கள். 1908-இல் அதை எடுத்துவிட்டு நீராவி இன்ஜின் ஓடும் குறுகிய ரயில்பாதை அமைத்தார்கள். டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் ஏறி, சுமார் 5 கி.மீ. மலைச்சரிவில் தொங்கியபடி கொட்டக்குடிக்கு வந்து சேரும். கொட்டக்குடிக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்றே பெயர் விழுந்தது. அங்கிருந்து 15 கி.மீ. மாட்டுவண்டியில் போடி. போடிக்கு ரயில் வந்ததே 1928-இல்தான். ஆகவே கிறிஸ்து ஆலயத்தின் சுவர் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில், அதற்குப் பணம் தந்த தேயிலை கொட்டக்குடி வண்டித்தடத்தில் போடிக்கு வந்துகொண்டிருந்தது. 1924 பெருவெள்ளம் குண்டளை ரயிலை வாரிக்கொண்டு போனது. மலையாள ஆண்டு 1099-இல் வந்ததால் '99-ஆம் ஆண்டு வெள்ளம்' என்றே கேரளத்தில் இன்றும் சொல்கிறார்கள். அந்த ரயில் மீண்டும் ஓடவில்லை.

முதலில் கல்லறை

இந்த இடத்தில் கோயிலுக்கு முன்பே கல்லறை வந்துவிட்டது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். அதற்குப் பிறகு தோட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். அவர்களில் ஒருவர் ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட். இங்கிலாந்திலிருந்து அவருடைய இளம் மனைவி எலினர் இங்கே வந்து அதிக நாள் ஆகவில்லை; 1894 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்கிய வேளையில், காலரா கண்டு இறந்தார். இந்தக் குன்றின்மேல் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தபோது, "நான் இறந்தால் என்னை இங்கேயே புதையுங்கள்" என்று கணவரிடம் அவர் சொன்னதாக ஊரில் ஒரு வழக்கு உண்டு. அப்படியே இங்கேதான் புதைத்தார்கள். இந்தக் கல்லறைத் தோட்டத்தின் முதல் சமாதி அவருடையது.

மருத்துவ வசதி எட்டாத காடாக அன்று இருந்தது மூணாறு. கீழே சமவெளிக்கு நோயாளியைக் கொண்டுபோவதே ஒரு பயணம். பிறகு வந்த சமாதிகள் எலினரைச் சுற்றியே அமைந்தன. கல்லறைக்குக் காவலாகக் கோயில் பின்னால் வந்தது. நம் ஊர்களில் ஒருவர் சமாதியான இடத்தில் விளக்கேற்றி, பிறகு கட்டடம் எழுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வரிசை அந்நியமாகத் தோன்றாது.

1897-இல் கண்ணன் தேவன் மலை உற்பத்தி நிறுவனம் தொடங்கியது. அதன் பின்னே ஸ்காட்லாந்தின் ஃபின்லே நிறுவனம் இருந்தது. தோட்டம் லாபம் தரத் தொடங்கியதும் நிலையான கோயில் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1910-இல் வேலை தொடங்கியது. அன்று திருவிதாங்கூர்–கொச்சி ஆங்கிலிக்கன் பேராயராக இருந்தவர் சார்லஸ் ஹோப் கில். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆலயம் அதன் கீழ் வந்தது. கிறிஸ்து ஆலயம் எழுவதற்கு முன்பே, 1898-இல் கத்தோலிக்கர்களின் கார்மேல் மாதா ஆலயம் மூணாற்றில் தொடங்கிவிட்டது. 2024-இல் அது பசிலிக்கா தகுதி பெற்றது.

கட்டடம்

கோதிக் பாணி 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பிறந்தது. பாரிஸ் அருகே செயின்ட் டெனிஸ் ஆலயத்தின் பலிபீடப் பகுதி 1144-இல் முடிந்ததை அதன் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அந்தப் பாணியின் உயிர், உச்சி கூர்ந்த வளைவு. அரைவட்ட வளைவு தன்மேல் ஏறும் பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். அதைத் தாங்கச் சுவர் தடிமனாக வேண்டும், சன்னல் சிறியதாக வேண்டும். வளைவின் உச்சியைக் கூராக்கினால் பாரம் பெரும்பாலும் நேராகக் கீழே இறங்கும். மிச்சத் தள்ளலை வெளியே முட்டுக்கொடுத்த கல் தாங்கிகள் வாங்கிக்கொள்ளும். சுவருக்கு வேலை குறைந்த இடத்தில் கண்ணாடி வந்து உட்கார்ந்தது. உள்ளே வெளிச்சம் வேண்டும் என்ற ஆசையிலிருந்து பிறந்த பொறியியல் இது.

ஜெர்மனியின் கொலோன் பேராலயம் 1248-இல் தொடங்கி 1880-இல்தான் முடிந்தது. அதன் கோபுரம் 157 மீட்டர். நடுவே சில நூற்றாண்டுகள் வேலை நின்றே கிடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் கோதிக் மீது மீண்டும் எழுந்த பற்றுதான் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. சென்னை சாந்தோம் பேராலயம் (1896) அந்த அலையில் எழுந்தது. அதன் கோபுரம் 155 அடி. மூணாற்றில் வானளாவும் கோபுரம் கிடையாது. கல் கூரைக்குப் பதில் மரச்சட்டங்கள் தாங்கும் சாய்ந்த கூரை. அதனால் பெரிய வெளித்தாங்கிகளும் தேவைப்படவில்லை. மாதக்கணக்கில் மழை கொட்டும் ஊருக்கு அந்தச் சாய்வுதான் பொருத்தம். கோதிக் பேராலயத்தைத் தோட்ட ஊரின் தேவைக்கும் பணத்துக்கும் ஏற்றபடி சுருக்கி எழுதிய வடிவம் என்று இதைச் சொல்லலாம். சுருக்கத்தில் எதை விட வேண்டும் என்று கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கூர்வளைவையும் கண்ணாடியையும் அவர்கள் விடவில்லை.

உள்ளே போனதும் கண் பழகச் சற்று நேரம் பிடிக்கும். கருத்த மர இருக்கைகள், மரக்கூரை, வெளியே மழைக்கறை படிந்த கருங்கல். வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் மட்டும் விழித்திருக்கும். இத்தகைய கண்ணாடியின் நிறம் பெரும்பாலும் மேலே பூசியது அல்ல. உருக்கும்போதே உலோகச் சேர்மம் கலந்து நிறம் ஏற்றுகிறார்கள். கோபால்ட் கலந்தால் நீலம், செம்பு கலந்தால் சிவப்பு. துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைக்கிறார்கள். மஞ்சு இறங்கிய வேளையில் சன்னல் மங்கி, படத்தின் கோடு மட்டும் தெரியும். மஞ்சு விலகி வெயில் அடித்தால் நீலமும் சிவப்பும் எதிர்ப்பக்க மர இருக்கையில் விழுந்து, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல நகரும். இந்த நகர்வைப் பார்க்க ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது கிடைக்காது.

சுவர்களில் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். தோட்டக்காரர்களின் நினைவாக வைத்தவை அவை. அதே காலத்தில் ஆள் சேர்த்த கங்காணிகள் பின்னால் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து நடந்தே மலையேறி வந்து, காட்டை வெட்டித் தேயிலை நட்டு, லயங்கள் எனும் வரிசை வீடுகளில் குடியிருந்து மாண்டவர்களுக்குப் பித்தளையில் பெயர் இல்லை. அவர்கள் விட்டுச்சென்றது மொழியை. மூணாற்றின் கடைத்தெருவில் இன்றும் தமிழ் கேட்பது அவர்களால்தான். ஆங்கிலேயத் தோட்டக்காரர்களுக்காக எழுந்த இந்த ஆலயத்தில் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஆராதனை நடக்கிறது. இதன் வரலாற்றில் நிகழ்ந்த மிகப் பெரிய மாற்றம் இதுவே என்பது இக்கட்டுரையாளரின் முடிவு.

பார்க்கச் செல்வோர்க்கு

மதுரை–போடி பாதை அகலப்பாதையான பின் 2023 ஜூன் 15 முதல் போடிக்கு மீண்டும் ரயில் வருகிறது. போடிமெட்டு–மூணாறு சாலையையும் அகலப்படுத்தியிருக்கிறார்கள். மஞ்சும் மழையும் சாலையை மறைக்கும் ஜூன், ஜூலை மாதங்களைவிட, மழை ஓய்ந்த பின் வரும் குளிர்மாதங்கள் பயணத்துக்கு ஏற்றவை. ஆராதனை நேரத்தில் படம் எடுக்காதீர்கள். இது காட்சிக்கூடம் அல்ல, சபை கூடும் கோயில். கிளம்புமுன் பின்புறக் குன்றின் கல்லறைத் தோட்டத்துக்கும் போய் வாருங்கள். எலினரின் சமாதி அங்கேதான் இருக்கிறது.