லாச்சப்பல்: தண்டவாளம் கூட்டிவந்த கடைத்தெரு



"லாச்சப்பலுக்குப் போயிட்டு வாறன்" என்ற வசனம் கேட்காத தமிழ் வீடு பரிசில் இராது. முருங்கைக்காய் வாங்கவும் அங்கேதான், சாமத்தியச் சடங்குக்குச் சேலை எடுக்கவும் அங்கேதான், கல்யாணக் காட் அடிக்கவும் அங்கேதான். ஆனால், "ஏன் எங்கட ஆக்கள் இந்த இடத்தைப் பிடிச்சவை?" என்று இங்கு பிறந்த பிள்ளைகள் கேட்டால், "முதல் வந்த ஆக்கள் அங்க கடை போட்டவை" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி தண்டவாளத்தில் இருக்கிறது. இந்த மாதம் அதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

1860 வரை லாச்சப்பல் பரிசுக்கு வெளியே இருந்த ஒரு கிராமம். இன்று மெற்றோப் பாலம் ஓடுகிற அகன்ற வீதியில் அன்று நகரத்தின் வரி மதில் நின்றது. உள்ளே போகும் வைனுக்கும் விறகுக்கும் அங்கே தீர்வை அறவிட்டார்கள். அந்த மதிலுக்கு உட்புறமாக 1846 இல் கார் து நோர், அதாவது வடக்கு நிலையம், திறக்கப்பட்டது. பதினைந்து வருடத்துக்குள் அது போதாமற் போய்விட்டது. பழைய முகப்பைக் கழற்றிக்கொண்டுபோய் லீல் நகர நிலையத்தில் பூட்டினார்கள்; இன்றும் அது அங்கே நிற்கிறது. புதிய கட்டடம் 1864 இல் பாவனைக்கு வந்தது. அதை வரைந்தவர் யாக் இத்தோர்ப், கொலோன் நகரில் பிறந்து பரிசுக்கு வந்தவர். முகப்பில் 23 கற்சிலைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு நகரம். உச்சியில் பரிஸ், அதன் இருபுறமும் லண்டன், பெர்லின், கொலோன், பிரசல்ஸ் போன்ற வெளிநாட்டு நகரங்கள்.

நாம் தினமும் உச்சரிக்கிற தெருப் பெயர்களும் புகையிரதத்தோடு தொடர்புடையவைதான். பேர்தொனே தெரு, ஒகுஸ்த் பேர்தொனே என்ற புகையிரதப் பொறியியலாளரின் பெயர். காய் தெருவுக்குப் பெயர் கொடுத்த யான்-பிரான்சுவா காய், செம்புப் பாத்திரம் அடிக்கும் தொழிலாளியாகத் தொடங்கி, பின்பு புகையிரத இயந்திரம் செய்யும் பெரிய தொழிற்சாலைக்கு உரிமையாளரானவர்.

அடுத்து மெற்றோ. இரண்டாம் இலக்கப் பாதையில் லாச்சப்பல் நிலையம் 1903 ஜனவரி 31 இல் திறக்கப்பட்டது. பரிசில் மெற்றோ என்றால் நிலத்துக்குக் கீழே. இங்கு ஏன் தலைக்கு மேலே ஓடுகிறது? கார் து நோருக்கும் கார் து லெஸ்ட்டுக்கும் போகிற தண்டவாளங்கள் வீதிக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கின்றன. அருகே சென்-மார்த்தன் வாய்க்காலும் உண்டு. இவற்றுக்கும் கீழே தோண்டுவதைவிட மேலால் பாலம் கட்டுவது இலகுவாக இருந்தது. பார்பெஸ் முதல் யோரெஸ் வரை நான்கு நிலையங்கள் இப்படித்தான் தூணில் நிற்கின்றன.

அதே காலத்தில் எங்கள் ஊரிலும் தண்டவாளம் போட்டார்கள். 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905 இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை பாதை முழுமையானது. 1956 இல் யாழ்தேவி வந்தது.

1983 க்குப் பின் எங்கள் ஆட்கள் வந்து இறங்கியபோது பரிசின் பாதைகள் எப்படி இருந்தன என்று பாருங்கள். 1976 இல் றுவாசி விமான நிலையத்துக்குப் போட்ட புகையிரதப் பாதை வந்து சேர்ந்த இடம் கார் து நோர். கிழக்கு பெர்லினில் இறங்கி, ஜேர்மனியையும் பெல்ஜியத்தையும் தாண்டிப் புகையிரதத்தில் வந்தவர்கள் கால் வைத்த இடமும் அதுதான். மொழி தெரியாத ஒருவர் முதலில் அறிந்துகொள்ளும் இடம், தான் இறங்கிய நிலையமும் அதைச் சுற்றியுள்ள நாலு தெருவுமே.

வீட்டு வாடகை எங்களைப் புறநகருக்குத் தள்ளியது. ஆனால் புறநகர்களும் இதே நிலையத்தோடு கட்டப்பட்டிருந்தன. லா கூர்நெவ்வில் இருப்பவருக்கு பி பாதை. சென்-தெனி, சார்செல்லில் இருப்பவருக்கு டி பாதை. 1999 இலிருந்து பொண்டியில் இருப்பவருக்கு ஈ பாதை. தேங்காய் விற்கிறவருக்கு ஒரு தெருச் சனம் காணாது. பத்து ஊர்ச் சனம் வேண்டும். பத்து ஊர்ச் சனமும் மாறி ஏறுகிற இடத்தில் கடை போட்டால்தான் வாடகை கட்டலாம். லாச்சப்பலின் கணக்கு இவ்வளவுதான். 1985 இல் மாணிக்க விநாயகர் ஆலயம் இந்தப் பகுதியில் எழுந்ததும், ஆவணியில் தேர் பார்க்க எல்லாத் திசையிலிருந்தும் சனம் வந்து சேர்வதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவி, கடைசி மெற்றோவுக்கு ஓடிய இரவுகள் எங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாதச் சீட்டான 'கார்த் ஒரான்ஜ்' அட்டையும் நினைவிருக்கும். 1975 இல் வந்து 2009 இல் முடிந்துபோன அட்டை அது. ஒஃப்ராவின் பதிலுக்காகக் காத்திருந்த காலத்தில், என் முகமும் பெயரும் இருந்த, பயமில்லாமல் நீட்டக்கூடிய ஒரே அட்டை அதுதான். பிள்ளைகளுக்கு இது சின்ன விடயமாகத் தெரியலாம்.

இப்போது பாதைகள் மறுபடியும் மாறுகின்றன. பரிசுக்குள் வராமலே புறநகரைப் புறநகரோடு இணைக்கும் 'கிரான் பரி' மெற்றோப் பாதைகளைக் கட்டி வருகிறார்கள். லா கூர்நெவ்விலேயே தமிழ்க் கடைகள் வந்துவிட்டன. தண்டவாளம் கூட்டிவந்த சந்தையைத் தண்டவாளமே கலைக்கவும் கூடும். இது கவலைப்பட்டு நிறுத்தக்கூடிய காரியமல்ல.

யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். 1990 இல் யாழ்தேவி நின்றது. தண்டவாளம் பெயர்ந்தது, சிலிப்பர்க் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகையிரதம் வந்தது. பாதையைத் திரும்பப் போட இருபத்துநாலு வருடம் எடுத்தாலும் போடலாம். ஆனால் அந்த மேடையில் யார் யாரை வழியனுப்பினார்கள் என்பதைச் சொன்னவர்கள் இருந்தால்தான் அறியலாம்.

லாச்சப்பலில் முதற் கடை திறந்தவர்களுக்கும், அந்தக் கடைகளில் கடிதம் வாசிப்பித்துக் கேட்டவர்களுக்கும் இன்று வயது போய்விட்டது. ஆகவே நேயர்களே, அடுத்த முறை அங்கு போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மெற்றோவால் இறங்கியதும் மேலே பாலத்தையும் கீழே தண்டவாளத்தையும் காட்டுங்கள். பிறகு, நீங்கள் முதன்முதல் எந்த மேடையில் இறங்கினீர்கள், யார் கூட்டிக்கொண்டுபோக வந்தார் என்று சொல்லுங்கள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.