சுவார்ட்ஸ் ஐயர் (1726–1798)
தஞ்சையில் பணியாற்றிய ஜெர்மானிய லுத்தரன் போதகர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றார். 1779இல் ஆங்கிலேயரின் சமாதானத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று மைசூரை ஆண்ட ஹைதர் அலியைச் சந்தித்தார். அங்கே ஹைதர் தந்த பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் ஒரு பள்ளிக்கு ஒதுக்கினார். அடுத்த ஆண்டே இரு தரப்புக்கும் போர் மூண்டது, தூது பலிக்கவில்லை. ஆனால் அந்தப் போர்க்காலத்தில் தஞ்சைக் கோட்டை பட்டினியில் தவித்தபோது, கூலி கிடைக்குமா என்று அஞ்சிய குடியானவர்கள் அரசனை நம்பாமல் இவர் வாக்கை நம்பியே மாடுகளை அனுப்பி நெல் கொண்டுவந்தனர். தூதைவிடப் பெரிய சாதனை இதுவே.

1787இல் மரணப் படுக்கையில் இருந்த தஞ்சை மன்னர் துளஜா, தத்துப்பிள்ளை சரபோஜியை இவர் பொறுப்பில் விட விரும்பினார். அரண்மனைப் பகையில் சிறுவனைக் காக்கத் தம்மால் இயலாது என மறுத்து, மன்னரின் தம்பி அமர்சிங்கைப் பாதுகாவலராகப் பரிந்துரைத்தார். அமர்சிங் தாமே அரசரானார், சிறுவன் துன்புற்றான். அதைக் கண்ட சுவார்ட்ஸ் அவனுக்குக் கல்வியும் பாதுகாப்பும் கிடைக்கச் செய்து, வாரிசுரிமைக்காகவும் வாதாடினார்.

சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரியில் இறந்தார். நோயுற்ற அவரைச் சரபோஜி காணும் காட்சியை ஜான் ஃபிளாக்ஸ்மன் பளிங்கில் வடித்தார். அது தஞ்சைச் சிவகங்கைப் பூங்காத் தேவாலயத்தில் உள்ளது. சுவார்ட்ஸ் இறந்த அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார்.