தெற்காசியாவில் பிராந்தியப் பாதுகாப்பும் தேசங்கடந்த ஆளுகையும்

தெற்காசியாவில் பிராந்தியப் பாதுகாப்பும் தேசங்கடந்த ஆளுகையும் என்பது அரசறிவியலில், குறிப்பாகப் பன்னாட்டு உறவுகள் துறையில், ஆராயப்படும் ஒரு பொருளாகும். அண்டை நாடுகளின் பாதுகாப்பு ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்துள்ளது, அதைப் பேணும் அதிகாரத்தை அந்நாடுகள் ஒரு பொது அமைப்பிடம் ஒப்படைக்குமா என்பன இதன் அடிப்படைக் கேள்விகள். தெற்காசியாவைப் பொறுத்தவரை இவ்வாய்வு பெரும்பாலும் சார்க் எனப்படும் தெற்காசியப் பிராந்திய ஒத்துழைப்புச் சங்கத்தைச் சுற்றியே அமைந்துள்ளது. இங்குள்ள நாடுகளின் பாதுகாப்பு பின்னிப் பிணைந்திருந்தும் அதற்கான பொது அதிகாரம் உருவாகவில்லை. இதன் விளைவுகளைப் பாக்கு நீரிணையிலும், திருச்சிராப்பள்ளியில் பொன்மலையை அடுத்த கொட்டப்பட்டு முகாம் போன்ற இடங்களிலும் காணலாம்.

கருத்துருக்கள்

தேசங்கடந்த ஆளுகை என்பது, நாடுகள் தமது இறைமையின் ஒரு பகுதியைப் பொது அமைப்பொன்றிடம் விட்டுக்கொடுத்து, அதன் முடிவுகள் தம்மைக் கட்டுப்படுத்தும் என ஏற்றுக்கொள்ளும் முறையாகும். அரசுகள் கூடிப்பேசி, ஒவ்வொன்றும் தன் மறுப்புரிமையை வைத்துக்கொள்ளும் முறை அரசுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு எனப்படுகிறது. முன்னதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு 1951 ஆம் ஆண்டு பாரிசு உடன்படிக்கையின்படி ஆறு நாடுகள் அமைத்த ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகம் ஆகும். போர்க்கருவி உற்பத்திக்கு இன்றியமையாத நிலக்கரி, எஃகு ஆகிய இரண்டையும் பொது அதிகாரத்தின் கீழ்க் கொண்டுவருவதன் மூலம் பிரான்சுக்கும் செருமனிக்கும் இடையே மீண்டும் போர் மூளாமல் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

இத்துறையில் செல்வாக்குப் பெற்ற கோட்பாடுகள் சில:

• பாதுகாப்புச் சமூகம்: கார்ல் டொய்ச்சும் அவருடைய குழுவினரும் 1957 இல் முன்வைத்தது. உறுப்பு நாடுகள் தமக்குள் போரிடுவதை எண்ணிப் பார்க்காத நிலையை இது குறிக்கும்.
• புதிய செயற்பாட்டியம்: எர்ன்ஸ்ட் ஹாஸ் 1958 இல் விளக்கியது. ஒரு துறையில் தொடங்கும் ஒத்துழைப்பு அடுத்தடுத்த துறைகளுக்குப் பரவும் என்பது இதன் சாரம்.
• பிராந்தியப் பாதுகாப்புத் தொகுதி: பாரி புசான் 1983 இல் அறிமுகப்படுத்தி, பின்னர் ஒலே வேவருடன் இணைந்து 2003 இல் விரிவாக்கியது. ஒரு நாட்டின் பாதுகாப்பை மற்றவற்றிலிருந்து பிரித்து ஆராய முடியாதவாறு பிணைந்துள்ள நாடுகளின் குழுவை இது குறிக்கும். இந்திய பாக்கித்தான் பகைமையை மையமாகக் கொண்ட தெற்காசியா இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

சார்க் அமைப்பின் விதிகள்

சார்க் 1985 திசம்பர் 8 அன்று டாக்காவில் ஏழு நாடுகளால் தொடங்கப்பட்டது. 2007 இல் ஆப்கானித்தான் எட்டாவது உறுப்பு நாடாக இணைந்தது. செயலகம் காட்மாண்டுவில் உள்ளது.

இவ்வமைப்பின் பட்டயத்திலுள்ள பத்தாவது உறுப்புரை ஆய்வாளர்களால் மிகுதியாக விவாதிக்கப்படுகிறது. எல்லா மட்டங்களிலும் முடிவுகள் ஒருமனதாகவே எடுக்கப்பட வேண்டும். இருதரப்புச் சிக்கல்களும் சர்ச்சைக்குரிய சிக்கல்களும் விவாதத்தில் இடம்பெறக் கூடாது என்பன அதன் இரண்டு விதிகள். அளவிலும் வலிமையிலும் பெரிதான இந்தியா மேலாதிக்கம் செலுத்தும் எனச் சிறிய நாடுகளும், அண்டை நாடுகள் தனக்கு எதிராக ஒன்றுசேரும் என இந்தியாவும் கொண்டிருந்த ஐயங்களே இவ்விதிகளின் பின்னணியாகும்.

பாதுகாப்பு நெருக்கடிகளும் சார்க்கும்

பயங்கரவாதத்தை ஒடுக்குவதற்கான பிராந்திய உடன்படிக்கை 1987 இல் கையெழுத்தானது. அதன் கூடுதல் நெறிமுறை 2004 இல் ஏற்கப்பட்டது. எனினும் இவற்றை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் அந்தந்த அரசுகளிடமே உள்ளது.

பேச்சு மேடையில் இடம்பெறாத சிக்கல்கள் அம்மேடையையே முடக்கியதும் உண்டு. இந்திய அமைதி காக்கும் படை இலங்கையில் இருந்ததை முன்னிட்டு 1989 இல் கொழும்பில் நடைபெறவேண்டிய உச்சி மாநாடு நடைபெறவில்லை. அடுத்த மாநாடு 1990 இல் மாலேயில் கூடியது. 1999 இல் நிகழ்ந்த கார்கில் போரையும் பாக்கித்தானின் இராணுவப் புரட்சியையும் அடுத்து, அவ்வாண்டு மாநாடு 2002 சனவரி வரை தள்ளிப்போனது. 2016 நவம்பரில் இசுலாமாபாத்தில் நடைபெறவிருந்த 19 ஆவது மாநாடு உரி தாக்குதலுக்குப் பின் கைவிடப்பட்டது. 2014 இல் காட்மாண்டுவில் நடைபெற்ற மாநாட்டுக்குப் பிறகு உச்சி மாநாடு எதுவும் கூடவில்லை.

பாக்கு நீரிணை

திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய இரயில்வே, 1914 முதல் தனுசுகோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் வழியாகத் தொடருந்துப் பயணிகளை இணைத்து வந்தது. 1964 திசம்பர் புயலில் தனுசுகோடி அழிந்ததோடு இவ்வழி முடிவுற்றது. நெருங்கிய இவ்விரு கரைகளுக்கும் பொதுவான சிக்கல்கள் யாவும் இருதரப்பு உடன்பாடுகள் மூலமே கையாளப்பட்டுள்ளன.

1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ சாத்திரி ஒப்பந்தம், இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் குடிமக்களாக ஏற்க வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974 இல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. கடல் எல்லை 1974, 1976 ஆம் ஆண்டு உடன்பாடுகளால் வரையறுக்கப்பட்டது. 1987 சூலை 29 இல் இராசீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்தனாவும் கையெழுத்திட்ட இந்திய இலங்கை ஒப்பந்தம், சார்க் தோன்றிய பின்னர் நிகழ்ந்ததாயினும் அவ்வமைப்புக்கு அதில் பங்கில்லை. மீனவர் சிக்கலும் இருதரப்புப் பேச்சுவார்த்தைகளிலேயே பேசப்பட்டு வருகிறது.

ஏதிலியர்

1983 முதல் இலங்கையிலிருந்து தமிழர்கள் ஏதிலியராகத் தமிழ்நாட்டுக்கு வந்தனர். திருச்சிராப்பள்ளியில் கொட்டப்பட்டு உட்பட மாநிலமெங்கும் அவர்களுக்கு முகாம்கள் அமைக்கப்பட்டன. அவற்றிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறையினரும் உள்ளனர். 2021 இல் தமிழ்நாடு அரசு இவற்றை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றியது. ஆயினும் குடியுரிமை வழங்கும் அதிகாரம் ஒன்றிய அரசிடமே உள்ளது. 2019 ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானித்தான், வங்காளதேசம், பாக்கித்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோருக்கு மட்டுமே பொருந்தும். இலங்கை அதில் சேர்க்கப்படவில்லை.

இந்தியாவோ இலங்கையோ 1951 ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையில் இணையவில்லை. சார்க் நாடுகளுக்குள் ஏதிலியர் தொடர்பான பொது உடன்படிக்கையும் இல்லை. ஒப்பீட்டளவில், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1969 இலேயே தனக்கெனப் பிராந்திய ஏதிலியர் உடன்படிக்கையை உருவாக்கியது. இலத்தீன் அமெரிக்க நாடுகளில் 1984 ஆம் ஆண்டின் கார்த்தகேனா சாற்றுரை பின்பற்றப்படுகிறது. இவற்றில் ஏதிலியர் யார் என்ற வரையறை, போர் முதலிய பொதுவான வன்முறையால் இடம்பெயர்ந்தோரையும் உள்ளடக்குகிறது. தெற்காசியாவில் இத்தகைய வரையறை இன்மையால், முகாம்களில் வாழ்வோரின் சட்டநிலை அவ்வப்போதைய அரசின் கொள்கையைச் சார்ந்ததாகிறது.

மாற்று அமைப்புகள்

சார்க் தேக்கமடைந்த நிலையில், பாக்கித்தான் இடம்பெறாத வேறு அமைப்புகள் முக்கியத்துவம் பெற்றன. 1997 இல் தொடங்கப்பட்ட பிம்சுடெக் எனும் வங்காள விரிகுடா நாடுகளின் அமைப்பில் தாய்லாந்து, மியான்மர் ஆகியனவும் உள்ளன. இதன் பட்டயம் 2022 இல் கையெழுத்தாகி 2024 இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா, இலங்கை, மாலைத்தீவு ஆகியவற்றின் கடற்பாதுகாப்பு ஒத்துழைப்பாக 2011 இல் தொடங்கி விரிவடைந்த கொழும்புப் பாதுகாப்பு மாநாடு 2024 இல் நிலையான பட்டயம் பெற்றது. இவ்விரண்டும் அரசுகளுக்கிடையிலான அமைப்புகளே. தேசங்கடந்த அதிகாரம் இவற்றுக்கு இல்லை.

கருத்து வேறுபாடுகள்

சர்ச்சைக்குரியவற்றை ஒதுக்கியதே சார்க்கின் தோல்விக்குக் காரணம் என்பது ஒரு சாராரின் கருத்து. அவ்விதி இல்லாதிருந்தால் அமைப்பே தோன்றியிருக்காது என்பது மறுசாராரின் வாதம். பொருளாதார ஒத்துழைப்பு பாதுகாப்புத் துறைக்கும் பரவும் என்ற ஹாஸின் எதிர்பார்ப்பு இங்கு நிறைவேறவில்லை; 2006 இல் நடைமுறைக்கு வந்த தெற்காசியத் தடையற்ற வணிக உடன்பாடு அத்தகைய விளைவைத் தரவில்லை. ஐரோப்பிய மாதிரியைப் பிற பிராந்தியங்களுக்கு அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது என அமிதாவ் ஆச்சார்யா போன்றோர் கருதுகின்றனர். கருத்தொருமிப்பின் அடிப்படையில் இயங்கும் ஆசியான் அமைப்பு, தேசங்கடந்த அதிகாரம் இன்றியும் உறுப்பு நாடுகளிடையே பெரும்பாலும் போரைத் தவிர்த்து வந்துள்ளது. எனினும் 2025 இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையே நிகழ்ந்த எல்லை மோதல் அம்முறையின் வரம்பையும் காட்டியது.

இவற்றையும் பார்க்கவும்

• தெற்காசியப் பிராந்திய ஒத்துழைப்புச் சங்கம்
• ஐரோப்பிய ஒன்றியம்
• சிறிமாவோ சாத்திரி ஒப்பந்தம்
• இந்திய இலங்கை ஒப்பந்தம்
• பாக்கு நீரிணை
• பொன்மலை