நீலி கதை

நீலி கதை என்பது, கணவனால் வஞ்சகமாகக் கொலையுண்ட பெண்ணொருத்தி பேயுருக்கொண்டு மறு ஜன்மத்திலும் அவனைத் தொடர்ந்து சென்று பழிதீர்த்ததையும், அந்தப் பழியினிடையே அகப்பட்ட வேளாளர் எழுபதின்மர் தாம் கொடுத்த வாக்கைக் காக்கும்பொருட்டு உயிர் துறந்ததையும் கூறும் பழந்தமிழ்க் கதையாகும். இதன் நிகழ்களம் திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை அடுத்துள்ள பழையனூர். துக்கமும் பழியுணர்ச்சியும் பயங்கர ரசத்தோடு பிரிக்கவொண்ணாதபடி கலந்து நிற்கும் கதைகளுள், தமிழில் இதனினும் தொன்மையும் பிரசித்தியும் வாய்ந்தது வேறொன்றில்லை எனலாம்.

கதை

காஞ்சிபுரத்து அந்தணன் ஒருவன் காசி யாத்திரை சென்ற இடத்தில், முன்னமே மணமானதை மறைத்து ஒரு பெண்ணை மணந்து, ஊர் திரும்பும் வழியில் மூத்தாளுக்கு அஞ்சி அவளைக் கொன்றுவிடுகிறான். உடன் வந்த அவள் தமையனும் துயரம் பொறாது உயிர்விடுகிறான். மறு பிறவியில் கொலையாளி வணிகனாகப் பிறந்து, பேயால் தனக்குக் கேடுண்டு என்று சோதிடத்தால் அறிந்து, மந்திரக் கத்தியொன்றைக் கைவிடாது காத்து வருகிறான். வாணிகத்தின்பொருட்டுப் பழையனூருக்கு வரும் அவனைக் கொலையுண்ட அப்பெண்ணின் பேயாகிய நீலி அழகிய மங்கையாகக் கையில் குழந்தையோடு பின்தொடர்ந்து, தன்னைக் கைவிட்ட கணவன் இவனே என்று ஊர்ச் சபையில் முறையிடுகிறாள். கூடியிருந்த வேளாளர் இருவர் வாய்மொழியையும் கேட்டுத் தயங்கி நிற்கையில், இறக்கிவிட்ட குழந்தை தவழ்ந்து சென்று வணிகன் மடியில் ஏறி அமர்கிறது; அதற்கு மேல் சாட்சி வேண்டுமோ என்று சபை தீர்ப்பளிக்கிறது. அஞ்சிய வணிகனிடம், உனக்கு ஊறு நேர்ந்தால் எங்கள் எழுபது பேர் உயிரும் ஈடு என்று சொல்லி, கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே வீட்டில் இரவு தங்கச் செய்கின்றனர். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடக்கிறான். நீலியோ அவன் தாயின் வடிவில் வந்து கதறி, கொடுத்த வாக்கை நினைவூட்டுகிறாள். வேளாளர் தீ வளர்த்து அதில் இறங்கி உயிர் துறக்கின்றனர்.

தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் வில்லுப்பாட்டாக வழங்கும் வடிவத்தில், கொலை கள்ளிச் செடியின் அடியில் நிகழ்கிறது. வேறு சாட்சியற்ற அவ்விடத்தில் நின்ற அந்தக் கள்ளியின் கொம்பையே நீலி பின்னாளில் குழந்தையாக்கி எடுத்து வருகிறாள். நாகர்கோவில் பக்கத்தில் அவளைக் ‘கள்ளியங்காட்டு நீலி’ என்பர்.

சான்றுகள்

ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில், ஒருத்தி வஞ்சத்தால் உயிர்கொண்ட செய்தியைச் சுட்டியிருத்தலால், இவ்விருத்தாந்தம் அக்காலத்திலேயே யாவரும் அறிந்ததாக இருந்தமை விளங்கும். உமாபதி சிவாசாரியர் இயற்றியதாகக் கூறப்பெறும் சேக்கிழார் புராணமும் வேளாளர் வாக்குத் தவறாமையின் உதாரணமாக இதனைப் போற்றுகிறது. பழையனூர் கற்பனை ஊரன்று. அவ்வூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குத் தானமாக அளித்த முதலாம் இராஜேந்திர சோழனின் சாசனமே 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகளாகும்.

நீலகேசி

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசி, இந்தப் பேய்க்கு வேறொரு கதி காட்டுகிறது. உயிர்ப்பலியைத் தடுத்த முனிசந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்தி விரட்டும்பொருட்டு ஏவப்பட்ட பழையனூர் நீலி, எவ்வளவு பயங்கரம் காட்டியும் அசையாத அவரிடம் தோற்று, அறங்கேட்டுத் தெளிந்து, பௌத்தம், ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம் முதலிய மதங்களோடு வாதிட்டு வெல்லும் பண்டிதையாகிறாள். சமயதிவாகர வாமன முனிவர் உரையுடன் இந்நூலை 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார்.

விழுப்புரம் வட்டாரம்

நீலகேசியைத் தமக்குரிய நூலாகப் போற்றிய தமிழ்ச் சமணர்களின் மடம், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் இன்றும் உள்ளது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் பழைய கல்வெட்டும், பாறையில் செதுக்கிய இருபத்துநான்கு தீர்த்தங்கரர் வடிவங்களும் காணப்படும்.

விழுப்புரம் அமைந்துள்ள இந்நடுநாட்டில், துக்கமும் வஞ்சினமும் கூத்தாகவும் சடங்காகவும் இன்றளவும் வாழ்கின்றன. திரௌபதி அம்மன் திருவிழாவில், படுகளத்தன்று திறந்தவெளியில் மண்ணால் பெரிய துரியோதனன் உருவத்தைக் கிடத்தி, வீமன் வேடத்தார் அதன் தொடையைப் பிளக்க, குருதியாகக் கொள்ளும் செந்நீரைப் பூசித் திரௌபதியின் விரித்த கூந்தலை முடிப்பர்; வீழ்ந்தவனுக்காக ஒப்பாரியும் எழும்; பின்னர்த் தீமிதி நடைபெறும். பழிதீர்த்தலுக்கு எல்லை வகுத்து, பகைவனுக்கும் அழுது, ஊராரைத் தீயின் வழியே தூய்மைப்படுத்தி வீட்டுக்கு அனுப்பும் ஒழுங்கு இதில் அமைந்திருக்கிறது. பழையனூர்த் தீயிலிருந்து மீண்டவர் எவருமில்லை.

மதிப்பீடு

பிற நாட்டு இலக்கியத்திலும் இறந்தோர் துயரத்தின் வடிவாகத் திரும்பி வருவதுண்டு. அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் 1987இல் வெளியிட்ட ‘பிலவ்டு’ நாவலில், அடிமை வாழ்வுக்கு அஞ்சித் தாயே கொன்ற மகள் அத்தாயின் வீட்டுக்கு மீண்டு வருகிறாள். ஆனால் அங்கே பழி ஒரு குடும்பத்துக்குள் நிற்க, நீலி கதையில் அது நியாயம் வழங்க அமர்ந்த சபையையே விழுங்குகிறது. இக்கதையின் உண்மையான பயங்கரம் பேயின் கோர உருவத்தில் இல்லை. நல்லெண்ணமும் வாய்மையும் உடைய எழுபது பேர், கண்முன் தெரிந்த சாட்சியத்தை நம்பி, நேர்மையாகவே தவறான தீர்ப்பை வழங்கிவிடுவதில் இருக்கிறது. நீலியின் கண்ணீரைப் பொய்க்கண்ணீருக்கு உவமையாக்கிய உலகவழக்கு, முற்பிறவியில் அவளுக்கு இழைக்கப்பட்ட கொலையை யாரும் விசாரிக்கவில்லை என்பதை மறந்துவிட்டது.

கணவன் அஞ்சிப் பிரிந்தபின் தானே வேண்டிப் பேயுருப் பெற்ற காரைக்கால் அம்மையார் வந்தடைந்ததும் இதே ஆலங்காடுதான். ஒரே தலத்தில் ஒருத்தியின் துயரம் பக்தியாயிற்று. மற்றொருத்தியின் துயரம் பழியாயிற்று. காப்பிய ஆசிரியர் கையில் அப்பழியும் ஞானமாயிற்று. இம்மூன்றையும் ஒருசேர வைத்துக் கற்போர்க்கே நீலி கதையின் முழுப்பொருள் விளங்கும்.