வேற்றுமை எண்ணமும் தொழிற்களமும்: மூணாறு புகட்டும் பாடம்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை நீங்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் போடி மெட்டு வழியாகவும் மலையாள நாட்டிற் குடியேறியவர் நம் தமிழ் மக்களுள் பலர். சென்றவிடத்தில் எல்லாம் அவர்கள் உழைத்தனர். ஆயினும், எந்த வேலையை யார் செய்வது என்பதை அவர்தம் திறமை மட்டும் முடிவு செய்யவில்லை. அவர்களைப் பற்றிப் பிறர் கொண்டிருந்த எண்ணமும் முடிவு செய்தது. இன்னார் இன்ன வேலைக்கே உரியர் என்னும் எண்ணம் ஒரு தொழிற்களத்தை எவ்வாறு அமைக்கின்றது, அங்கு உழைப்பவரை என்ன செய்கின்றது என்பதை வரலாற்றைக் கொண்டு சிறிது ஆராய்வோம்.

நம் காலனியில் உள்ளோர் நன்கு அறிந்த இரயில்வேயையே முதற்கண் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இரயில்வேயின் உயர்ந்த உத்தியோகங்கள் ஐரோப்பியருக்கு உரியனவாய் இருந்தன. டிரைவர், கார்டு முதலிய பொறுப்புகளில் ஆங்கிலோ இந்தியருக்கு முதலிடம் அளிக்கப்பட்டது. இந்தியரைப் பொறுப்பில் நம்ப முடியாது என்பதே அதற்கு அடிப்படையான எண்ணம். நம்மவர் மட்டும் குறைந்தவரா? தென்னிந்திய இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றையோருக்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. பெரியார் முதலியோரின் கிளர்ச்சிக்குப் பின்னரே, 1941-ஆம் ஆண்டில், அவ்வழக்கம் ஒழிந்தது. ஒரே வண்டியில் நெருங்கி அமர்ந்து வந்தவர்கள் உணவு வேளையில் மட்டும் பிரிந்து உண்டனர் என்பதை இன்றைய பிள்ளைகள் நம்பவும் மாட்டார்கள்!

இனி மூணாற்றுக்கு வருவோம். 1877-ஆம் ஆண்டில் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார் மன்றோ என்னும் ஆங்கிலேயர். 1897-ஆம் ஆண்டில் கண்ணன் தேவன் மலை விளைபொருட் கம்பெனி தோன்றியது. காட்டை அழித்துத் தேயிலை பயிரிட ஆட்கள் வேண்டியிருந்தனர். திருநெல்வேலி, மதுரை முதலிய சீமைகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து மக்களை மலையேற்றினர். வந்தவருள் பெரும்பாலோர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். சமவெளியில் எந்தத் தாழ்வை விட்டு நீங்க எண்ணினரோ, அதுவே மலையிலும் அவர்களை எதிர்கொண்டது. மேலே வெள்ளைத் துரை, அவருக்குக் கீழே குமாஸ்தாக்களும் மேற்பார்வையாளரும், பின்னர்க் கங்காணி, அடியில் கூலியாள். இந்த ஏணியில் ஒருவர் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பிறப்பே வகுத்தது.

அந்த அடிப்படியிலும் ஒரு பிரிவினை உண்டு. பெண்ணின் விரல் மென்மையானது. ஆதலால் கொழுந்து பறிப்பது அவளுக்கு இயற்கை என்றனர். கவ்வாத்து வெட்டுதல், மருந்தடித்தல், தொழிற்சாலை வேலை, மேற்பார்வை ஆகியவை ஆணுக்கு என்று ஒதுக்கினர். இயற்கை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், அதற்கு உயர்ந்த கூலியோ பதவி உயர்வோ தர வேண்டுவதில்லை அன்றோ? 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் ஆண் பெண் கூலி வேற்றுமையைத் தடுத்தது. எனினும், கூடை சுமந்து வேலையிற் சேர்ந்த பெண் பெரும்பாலும் கூடை சுமந்தே ஓய்வு பெற்றாள். ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டைக் காக்க வேண்டுமாயின் மகளோ மருமகளோ அதே கூடையை ஏற்க வேண்டும். இவ்வாறு ஓர் எண்ணம் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தின் விதியாயிற்று.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. தொழிலாளரின் உரிமைக்கென எழுந்த சங்கங்களும் இவ்வெண்ணத்திற்கு விலக்கல்ல. கொழுந்து பறிப்போர் பெண்கள். அவர்களுக்காகப் பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தோர் ஆண்கள். பெண்களுக்குப் பேசத் தெரியாது என்று பிறர் நினைத்தனர். நாளடைவில் அப்பெண்களுட் பலரும் அவ்வாறே நினைத்தனர். தவறான எண்ணத்தின் பெருந்தீங்கு இதுவே.

2015-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அந்நினைப்பு உடைந்தது. போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்துவிடும் நிலை கண்டு, ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களைத் தம் அருகில் வரவிடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்று தம் கூட்டத்திற்குப் பெயரிட்டனர். தமிழும் மலையாளமும் கலந்த அப்பெயரே அவர்களின் வாழ்க்கையைக் காட்டும். ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில் போனஸ் 8.33 விழுக்காடும் கருணைத் தொகை 11.67 விழுக்காடுமாக, கேட்ட 20 விழுக்காடும் கிடைத்தது. அக்டோபரில் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலிலும் அவர்கள் சில இடங்களில் வென்றனர். பின்னர் அவ்வமைப்பிற் பிளவு நேர்ந்தது உண்மையே. ஆயினும், பேசத் தெரியாதவர் என்னும் பழைய சொல்லை இனி எவரும் அவர்கள்மீது சுமத்த இயலாது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களில் உறங்கியோர் 70 பேரைக் கொண்டு சென்றது. இவர்களுக்கு இத்தகைய இருப்பிடம் போதும் என்ற நூற்றாண்டு எண்ணத்தை அத்துயரம் நாட்டின் முன் நிறுத்தியது.

இவ்வரலாற்றை நாம் பிறர்மேற் பழி சுமத்துவதற்காகக் கூறவில்லை. இன்று அம்மலைத் தோட்டங்களில் ஜார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலத்தவர் கொழுந்து பறிக்கின்றனர். நம் ஊர்க் கட்டட வேலைகளிலும் உணவகங்களிலும் அவர்களைக் காண்கிறோம். அவர்களைப் பற்றி நம் வீட்டுத் திண்ணைகளில் நாம் பேசுவதென்ன? மொழி தெரியாதவர், துப்புரவு அற்றவர், கடின வேலைக்கே ஏற்றவர் என்கிறோம். நம் பாட்டன் பாட்டிமார் மலையேறிய நாளில் அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்ட சொற்களும் இவையே அல்லவா?

ஒரு தொழிற்களத்தில் பலவகை மக்கள் சேர்ந்திருப்பது நன்மையாவதும் தீமையாவதும் அவ்வேற்றுமையை நாம் எவ்வாறு எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. அதனை ஏணியாக எண்ணினால் ஒருவர் தோள்மேல் ஒருவர் நிற்போம். உறவாக எண்ணினால் ஒருவரிடம் ஒருவர் கற்போம். 1941 வரை சிற்றுண்டிச் சாலையில் நம்மவருள் பெரும்பாலோர் வேறிடத்தில் அமர்த்தப்பட்டிருந்தனர். அதனை மறவாமல், அடுத்த ஆண்டு விழாப் பந்தியில் நம் தெருவில் உழைக்கும் வடநாட்டுத் தோழர்களையும் அழைத்து நம்மோடு அமரச் செய்வோமாக. தமிழர் தம் பண்பாட்டிற்கு அதனினும் சிறந்த விழா வேறில்லை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!