நாடி பிடித்துப் பார்த்த யோகாசிரியர்

1938-இல் மைசூரில் எடுத்த ஒரு பேசாப் படம் இன்று யோகம் பழகுகிறவர்கள் கைப்பேசியில் எல்லாம் ஓடுகிறது. திருமலை கிருஷ்ணமாச்சாரியார் ஐம்பதை நெருங்கும் வயதில் தலைகீழாக நின்று உடம்பை நினைத்தபடி வளைக்கிறார். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். நோயாளிகளுக்கு யோகம் சொல்லிக்கொடுத்து வாழ்கிறவள் நான். எனக்குச் சோறு போடுவது அவருடைய மைசூர்க் காலம் அல்ல, அதிகம் பேசப்படாத சென்னைக் காலம்.

சித்ரதுர்கா மாவட்டத்து முச்சுகுந்தபுரத்தில் 1888-இல் பிறந்தவர். வைணவ ஆசாரியர் நாதமுனிகளின் வழி வந்ததாகச் சொல்லிக்கொண்ட குடும்பம். மைசூரிலும் காசியிலும் சாஸ்திரங்கள் படித்தார், ஆயுர்வேதமும் கற்றார். மானசரோவர் பக்கம் ராமமோகன பிரம்மச்சாரியிடம் ஏழரை ஆண்டு யோகம் பயின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆய்வாளர்கள் அதற்கு ஆதாரம் கேட்கிறார்கள், கேட்கட்டும். என்னை உலுக்குவது அதற்குப் பிறகு நடந்ததுதான். இத்தனை படித்த மனிதர், கல்யாணமான பிறகு, வயிற்றுப்பாட்டுக்காக ஹாசன் பக்கம் காபித் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் வேலைக்குப் போனார்.

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் கைகொடுத்தார். 1933-இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கியது. மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி எல்லோரும் மைசூர்க் காலத்து மாணவர்கள். 1934-இல் கன்னடத்தில் ‘யோக மகரந்தம்’ எழுதினார். நாடு விடுதலையடைந்த பின் அரண்மனை ஆதரவு வற்றியது. 1950-இல் யோகசாலையை மூடிவிட்டார்கள். அறுபதைத் தாண்டிய வயதில், பிள்ளைகுட்டிகளோடு, மறுபடியும் பிழைப்பைத் தேட வேண்டிய நிலை.

பக்கவாதத்தில் விழுந்த ஒரு சட்டத்துறைப் பிரமுகருக்குச் சிகிச்சை தரத்தான் சென்னைக்கு வந்தார். விவேகானந்தா கல்லூரியிலும் பாடம் எடுத்தார். வந்தவர்கள் அரண்மனைப் பையன்கள் அல்லர். ஆஸ்துமாக்காரர்கள், தூக்கம் தொலைத்தவர்கள், முதுகு பிடித்துக்கொண்டவர்கள். ஒவ்வொருவருக்கும் நாடி பார்த்தார், சாப்பாடு, தூக்கம், தொழில் எல்லாம் விசாரித்தார், அப்புறம்தான் பயிற்சி.

அந்த வழியில் நாங்கள் இன்றும் செய்வது இதுதான். முதுகு வலிக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, மூச்சை இழுத்துக்கொண்டே கையைத் தூக்கச் சொல்வோம். மூச்சும் கையும் ஒன்றாகப் போய் நிற்க வேண்டும். கை முந்திக்கொண்டாலோ மூச்சு தடுமாறினாலோ பயிற்சி அவருக்கு அதிகம் என்று அர்த்தம், உடனே குறைத்துவிடுவோம். சோர்ந்து கிடப்பவருக்கு உள்மூச்சை வளர்ப்பது பிரும்மணம், படபடப்புக்காரருக்கு வெளிமூச்சை நீட்டுவது லங்கனம். உடம்பைப் போஷிப்பதற்கும் இளைக்கவைப்பதற்கும் ஆயுர்வேதம் வகுத்த இரண்டு முறைகள் இவை. வைத்தியத்தை மூச்சுக்குள் கொண்டுவந்த இந்த வேலைதான், என் கணக்கில், அவர் செய்த எல்லாவற்றிலும் பெரியது.

பொறியாளராக இருந்த மகன் தேசிகாச்சார் 1960-களில் வேலையை விட்டுவிட்டு அப்பாவிடம் மாணவரானார். 1976-இல் சென்னையில் அப்பா பெயரில் ‘கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம்’ என்ற நிலையத்தைத் தொடங்கினார். 1984-இல் பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படுத்தபடியே செய்யத் தக்க பயிற்சிகளைத் தனக்குத்தானே வகுத்துக்கொண்டார். அது அவருடைய உடம்பு, அவருடைய படிப்பு. மற்றவர்கள் அதைப் பின்பற்றக் கூடாது. 1989-இல், நூறு வயது நிறைந்த பிறகு காலமானார்.

யோக வகுப்பில் சேரப் போகிறீர்களா? உங்கள் வயது, நோய், தூக்கம், சாப்பிடும் மாத்திரை எதையும் கேட்காமல் பாயை விரிக்கச் சொல்பவரிடம் சேராதீர்கள். மாத்திரையை நிறுத்துங்கள் என்பவரிடம் அறவே போகாதீர்கள்.