முதற்பதிப்பு நூல் சேகரிப்பு

முதற்பதிப்பு என்பது ஒரு நூலுக்காக முதன்முதலில் கோக்கப்பட்ட அச்செழுத்துகளிலிருந்து பெறப்பட்ட படிகள் அனைத்தையும் குறிக்குமாயினும், பழைய நூல் வணிகத்தில் அப்பதிப்பின் முதல் அச்சீடு, அதாவது முதல் தடவை ஒரே தொடராக அச்சான படிகள் மட்டுமே, அப்பெயரால் மதிக்கப்படுகிறது. பதிப்பு விவரப் பக்கம் இவ்வேறுபாட்டைப் பல வேளைகளில் தெளிவாகச் சொல்வதில்லையாதலால், பின்னர் திருத்தப்பட்ட அச்சுப்பிழைகளே சேகரிப்போருக்கு நம்பகமான சான்றாகின்றன. லண்டனில் ஆலன் அண்டு அன்வின் நிறுவனம் 1937 செப்டம்பரில் 1,500 படிகளாக வெளியிட்ட டோல்கீனின் 'தி ஹாபிட்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அதன் மேலுறையின் உள்மடிப்பில், லூயிஸ் கரோலின் இயற்பெயரான டாட்ஜ்சன் (Dodgson) என்பதற்குள் மிகையாக நுழைந்துவிட்ட ஓர் 'இ' (e) எழுத்து, பெரும்பாலான படிகளில் மையால் கைப்படவே அடிக்கப்பட்டிருக்கிறது. நூலட்டையைக் காக்கப் போர்த்தும் இத்தாளுறையை வாங்கியோர் எறிந்துவிடுவது அக்காலத்தில் வழக்கமாயிருந்தமையால், உறையோடு எஞ்சிய படி உறையற்றதைவிடப் பன்மடங்கு விலை பெறுகிறது. வேறொரு படியின் உறையைப் போர்த்தி, அதனைத் தெரிவிக்காமல் விற்பது ஏமாற்றே.

விற்பவர் தரும் நேர்மையான விவரக்குறிப்பு நூற்கட்டு, தாள், உறை ஆகியவற்றின் நிலையைத் தனித்தனியே கூறுவதோடு, ஈரப்பதத்தால் தாளில் படரும் பழுப்புப் புள்ளிகள், முன்னாள் உரிமையாளரின் கையொப்பம், நூலக முத்திரை, உறை மடிப்பில் விலை வெட்டியெடுக்கப்பட்ட மூலை ஆகிய குறைகளையும் விடாது பதிவு செய்யும்.